வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க

வேண்டாங்கக்கா, பிஸ்கட்டை உள்ள வச்சிருங்க. கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க ஆசையாத்தான் நீட்டுறீங்க, நான்தான் திங்கக் கூடாது. எங்க அத்தை வர்றதுக்குள்ள உள்ள வச்சிருங்க. அவங்க பார்த்தாங்கன்னா, ஒரு பிஸ்கட்டுதான, தின்னுட்டி, அந்தப் பிள்ளை ஆசையா நீட்டுதுல்லான்னு சொல்லி என் வாயிலயே வச்சிருவாங்க. அவங்க வாயில வச்சா நான் மென்னுருவேன். எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது.

கீழ போயிருக்காங்க. பிள்ளை சிணுங்குச்சு, புறா காட்டுறேன்னு தூக்கிட்டுப் போனாங்க. பொம்பளப் பிள்ளைதான். நிவிஷான்னு பேரு. இப்பத்தான் சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கப் பார்க்குறா. இங்க வந்ததும் அந்த மூலையில திரும்பி உக்காந்து பால் குடுத்தேன். அவ பசியாறிட்டா. எனக்குத்தான் கண்ணைக் கட்டுது.

உங்க வீட்டுக்காரரா உள்ள போயிருக்கிறது? குழாய் விட்டுப் பார்க்கவா? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெறும் வயித்தோட வரணும்னு சொல்லியிருப்பாங்க. அவரு சொன்னபடி வந்துட்டாரா? யாரும் ஒண்ணும் குடுக்கலையா அவருக்கு? கொடுத்து வச்சவரு.

எனக்கு இது மூணாவது தடவைக்கா. அந்தா மேசையில உக்காந்திருக்காங்கள்ல, கண்ணாடி போட்ட நர்சம்மா, அவங்களுக்கு என் மூஞ்சி பாடமாயிருச்சு. காலைல என்னைப் பார்த்ததுமே, "ஏம்மா முப்பிடாதி, இன்னைக்கு என்ன விருந்து சாப்பிட்டு வந்திருக்க?"ன்னு கேட்டாங்க. பெஞ்சில இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய. அத்தை அந்த நேரம் பிள்ளைக்குத் துணி மாத்தப் போயிருந்தாங்க, நல்லவேளை. "உன் முறை வரும்போது கேப்பேன், அப்ப உண்மையைச் சொல்லணும், ஒண்ணு ரெண்டு பொய் சொன்ன ஆளு நீ"ன்னாங்க. தலையை ஆட்டினேன். 

எனக்கு ஆட்டத் தெரிஞ்சது தலை ஒண்ணுதான்.

எங்களுக்குக் கோவில்பட்டிக்குத் தெக்க, மெயின்ரோட்டு விலக்குல டீக்கடை. முன்னால கடை, பின்னால வீடு, நடுவுல ஒரு சாக்குத் திரை. திரைக்கு அங்கிட்டு அத்தை, இங்கிட்டு நான். அவங்க டீ ஆத்துவாங்க, வடை போடுவாங்க, ஊர்க்கதை பேசுவாங்க. நான் கிளாஸ் கழுவுவேன், மாவு அரைப்பேன். எங்க வீட்டுல என் சத்தம்னு கேக்குறது கிளாஸ் கழுவுற சத்தம்தான். நாலு பேரு முன்னால வந்தா எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துரும். அஞ்சாங்கிளாஸ்ல டீச்சர் எந்திரிச்சு வாசின்னாலே அழுதிருவேன். படிப்பு அதோட சரி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டேன். அத்தைக்கு அது பிடிச்சுப்போச்சு. பொண்ணு பார்க்க வந்தன்னைக்கே, "வாயில்லாப் பிள்ளை, எனக்கு இதுதான் வேணும்"னு சொல்லித்தான் தலையில பூ வச்சாங்க. எங்க அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம்.

இப்ப உங்ககிட்ட எப்படி இவ்வளவு பேசுறேன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. பசியில வாய் தானாப் பேசுது போல.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாளைக்கப்புறம் ஆரம்பிச்சுதுக்கா. சோறு நெஞ்சுக்கிட்ட வந்து நின்னுக்கிடும். ரெண்டு மடக்குத் தண்ணி ஊத்தினா இறங்கும். பிறகு தண்ணியும் சேர்ந்து நிக்க ஆரம்பிச்சுது. படுத்தா எரியும், எந்திரிச்சா குமட்டும். ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆகிப்போச்சு. வெளிக்குப் போனா கறுப்பாப் போகும். அதைப் போயி யாருகிட்ட சொல்ல? வெக்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன். ஒருநாள் உளுந்து அரைச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே கிரைண்டர் மேல சாஞ்சுட்டேன். எங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டுறாரு. வெங்காய மூட்டையை இறக்கி வச்சுட்டு என்னை ஏத்திக்கிட்டுப் போனாரு. கோவில்பட்டி டாக்டர் கண்ணைப் பார்த்தாரு, நகத்தைப் பார்த்தாரு. கேஸ் மாத்திரை தின்னு காலத்தை ஓட்டாதீங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போயி எண்டோஸ்கோபி எடுத்துருங்கன்னுட்டாரு.

இங்க வந்து நாள் வாங்கினோம். அந்த நர்சம்மாதான் சொன்னாங்க. முத நாள் ராத்திரி வெள்ளனமே இட்லி மாதிரி லேசாச் சாப்பிட்டுரு, அதுக்கப்புறம் சோறு, பால், டீ, பழம் ஒண்ணும் கூடாது, வெத்திலை கூடப் போடக் கூடாதுன்னு. இது என்ன பெரிய காரியம்னு நினைச்சேன். பட்டினி கிடக்கிறதுக்கு எனக்குச் சொல்லியா குடுக்கணும்?

எங்க கடையில ஒரு வழக்கம் உண்டுக்கா. விடியக்காலம் பால் காய்ஞ்சதும் மொத டீ யாவாரத்துக்குப் போகாது. திரைக்குள்ள அத்தை கை நீளும். "ஏட்டி, போணி"ன்னு ஒரு சத்தம். நான் வாங்கிக் குடிச்சுட்டு வெறும் கிளாசைத் திருப்பி நீட்டணும். அதுக்குப் பிறகுதான் மத்தவங்களுக்கு ஆத்துவாங்க. வீட்டுப் பொம்பளை குடிச்சுட்டா அன்னைக்கு யாவாரம் நல்லா இருக்கும்னு அத்தைக்கு நம்பிக்கை. வெளிய பெஞ்சில காத்துக்கிட்டு இருக்கிற தாத்தாமாரு கத்துவாங்க. "ஏ பிச்சம்மா, மருமகளுக்குக் கெட்டி டீ, எங்களுக்குக் கிளாஸ் கழுவுன தண்ணியா?" அத்தை விடுவாங்களா? "அவ எனக்குக் கிளாஸ் கழுவுதா. நீ என்ன கழுவுத?"ம்பாங்க. நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப பால் திரிஞ்சு திரிஞ்சு போச்சாம். அம்புட்டு ராசியாம் எனக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கும்.

அன்னைக்கும் கை நீண்டுச்சு. "ஏட்டி, போணி." வாங்கினேன், குடிச்சேன், கிளாசை நீட்டினேன். சத்தியமாச் சொல்றேன், டீ குடிச்சோம்னே எனக்குத் தோணலக்கா. அது கடைக்காரியம்லா. சாமிக்கு விளக்குப் போடுற மாதிரி. இங்க வந்து நர்சம்மா என்ன சாப்பிட்டன்னு கேட்டப்ப, ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர்னு நான் நெஞ்சாரத்தான் சொன்னேன். 

அத்தைதான் பின்னால இருந்து, "இல்லம்மா, காலைல போணிக்கு ஒரு கிளாஸ் குடிச்சா"ன்னாங்க.

"போணியா? அப்படின்னா?"

"மொத டீம்மா."

"பால் ஊத்தின டீயா?"

"பின்ன? எங்க கடையில தண்ணி கலக்குறதே கிடையாது. கெட்டிப் பாலு. வேணும்னா ஒருநாள் வந்து குடிச்சுப் பாருங்க."

அன்னைக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. போகும்போது நர்சம்மா என் பக்கமாத் திரும்பி, பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. ரொம்ப முடியலைன்னா வெறும் தண்ணி ரெண்டு மடக்குக் குடிச்சுக்கோ, அதுவும் கிளம்புறதுக்கு முன்னாடி, இங்க வந்து இல்ல, வெறும் தண்ணி, புரியுதான்னாங்க. தலையை ஆட்டினேன்.

அடுத்த தடவை நான் விவரமாத்தான் இருந்தேன். ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டேன். அத்தை, இன்னைக்குப் போணி வேண்டாம். அத்தை, இன்னைக்கு ஒருநாள் நீங்களே குடிச்சுக்கிடுங்க. எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். விடியக்காலம் கை நீண்டுச்சு. பார்த்தா டீ இல்லக்கா. ஒரு சொம்பு. சொம்பு நிறைய மாதுளஞ்சாறு. நாங்க தூங்கினதுக்கப்புறம் உக்காந்து உரிச்சு, பிழிஞ்சு, வேட்டித்துணியில வடிகட்டி வச்சிருக்காங்க. விரலெல்லாம் கருஞ்செவப்பா இருக்கு.

"தண்ணி குடிக்கலாம்னு அந்தம்மாவே சொன்னாள்ல. இது தண்ணிதான். சக்கை கிடையாது. ரத்தம் ஊறும்ட்டி. உடம்புல ரத்தமில்லாம உள்ள குழாயை விட்டா நீ தாங்குவியா?"

மனசுக்குள்ள சொல்லிப் பார்த்ததெல்லாம் தொண்டைக்கு வரவே இல்ல. ஏசினாங்கன்னா கூட எதுத்துச் சொல்லிரலாம்க்கா. சொம்பை வச்சுக்கிட்டு நிக்கிறவங்ககிட்ட என்ன சொல்ல? குடிச்சேன். முழுசும் குடிச்சேன். நல்லா இனிப்பா இருந்துச்சு.

வெறும் தண்ணிதான் சிஸ்டர்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். நீங்க உள்ள பார்த்திருக்க மாட்டீங்க. ஒருச்சாய்ச்சுப் படுக்க வைப்பாங்க. தொண்டையில மருந்து அடிப்பாங்க, நாக்கு மரக்கட்டை மாதிரி ஆயிரும். வாய் மூடாம இருக்க ஒரு வளையத்தை மாட்டிருவாங்க. அதுக்குள்ள கறுப்பா அந்தக் குழாய் போகும். தலைமாட்டுல டிவி மாதிரி இருக்கும், டாக்டர் அதைப் பார்த்துக்கிட்டே தள்ளுவாரு. பயப்படாதீங்க, உங்க வீட்டுக்காரரு ஆம்பளை, தாங்கிக்கிடுவாரு.

குழாய் உள்ள போயி ரெண்டு நிமிசம் இருக்கும். டாக்டர், "என்ன இது, இவ்வளவு ரத்தம் நிக்குது?"ன்னாரு. அந்தானைக்கு எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. கூட வந்தது யாரு, பிளட் குரூப் என்னன்னு ஒரு சத்தம். ஒரு பொண்ணு என் கையில ஊசி போட நரம்பு தேடுது. 

எனக்குத் தெரியும்க்கா அது என்னன்னு. சொல்ல முடியல. வாய் திறந்துதான் கிடக்கு, ஆனா உள்ள குழாய். மாதுளை மாதுளைன்னு மனசுக்குள்ள கத்துறேன். கையைத் தூக்கினேன். "பயப்படாதம்மா, பயப்படாத"ன்னு கையைப் பிடிச்சு அமுக்கினாங்க. தலையை ஆட்டினேன். "அசையாத"ன்னு தலையையும் பிடிச்சுக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி காதுக்குள்ள போகுது. அப்படியே கிடந்தேன். என் வாழ்க்கையில பேசணும்னு அவ்வளவு ஆசைப்பட்டது அன்னைக்குத்தான்.

அப்புறம் அவரே உறிஞ்சி எடுத்துப் பார்த்துட்டு, இது ரத்தம் மாதிரி இல்லையேன்னாரு. குழாயை உருவினாங்க. "என்ன குடிச்ச?" நாக்கு மரத்துப்போச்சு, ஏதோ உளறினேன். டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு ஒண்ணு இருந்துச்சு, அது சிரிச்சுருச்சு. டாக்டர் சிரிக்கல. ஏசவும் இல்ல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். வெளிய வந்து எங்க அத்தைகிட்டயும் என்கிட்டயும் மெதுவாத்தான் சொன்னாரு. 

"உள்ள ஒரு இடத்துல புண்ணு மாதிரி தெரிஞ்சுது. எது சாறு, எது புண்ணுன்னு எனக்கு விளங்கல. வயிறு சுத்தமா இருந்தாத்தான் பார்க்க முடியும். கொஞ்சமா சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். சாதாரணப் புண்ணா இருந்தா மாத்திரையில போயிரும். வேற ஏதுமா இருந்தா, இப்ப பிடிச்சாத்தான் பிடிக்க முடியும். இனி தள்ளிப் போடாதீங்க. கைப்பிள்ளைக்காரி."

அத்தை கேட்டுக்கிட்டே இருந்தவங்க அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. இந்தா, இந்தத் தூண் பக்கத்துலதான். மறுநாள் கடை திறக்கல. அம்புட்டுப் பழமும் வீணாப் போச்சேன்னு வருத்தம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

என்னக்கா? எங்க வீட்டுல வேற யாருக்குமா? இருந்துச்சு. எங்க மதினிக்கு. வடிவுன்னு பேரு, எங்க வீட்டுக்காரருக்கு அக்கா. நான் பார்த்ததில்ல, நான் வர்றதுக்கு முன்னாலயே போயிட்டாங்க. அவங்களுக்கும் இப்படித்தான் சோறு இறங்காம இருந்துச்சாம். இதே ஆஸ்பத்திரிதான். அத்தை அவங்களைப் பத்திப் பேசவே மாட்டாங்க. ஒரே ஒருதடவை வடை சுட்டுக்கிட்டே சொன்னாங்க. "நடந்துதான் போனா. இந்தா இருக்க கோவில்பட்டிக்கு நடக்கிற மாதிரி நடந்தா. மாடிப்படியெல்லாம் அவளே ஏறினா. குழாயை உள்ள விட்டாங்க. அதுக்கப்புறம் அவ எங்க எந்திரிச்சா?"ன்னாங்க. சொல்லிட்டு எண்ணெயைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க, வடை கருகிப்போச்சு.

சில நேரம் என்னை "ஏ வடிவு"ன்னு கூப்பிட்டுருவாங்க. வயசாச்சுல்லா, மறதி. நானும் என்ன அத்தைன்னு போயி நிப்பேன்.

ஏன்க்கா அப்படிப் பார்க்குறீங்க? 

வேணும்னேவா? சேச்சே. அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா. என்னைக் குழாய்கிட்ட போக விடாமப் பண்றதுல அவங்களுக்கு என்ன லாபம்? அவங்களுக்கு விவரம் பத்தாது, அவ்வளவுதான். எனக்கு ராத்திரி எரியுதுன்னா மோரை ஆத்தி ஆத்தி எடுத்துட்டு வர்றது அவங்கதான். எங்க அம்மா கூட என்னை இப்படிப் பார்த்ததில்ல. பாசம் ஜாஸ்தி. அதான் வம்பே.

எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னேன், நீங்க ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லுங்கன்னு. "நீ சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?"ன்னாரு. அப்புறம் பாவம்னு அவரே போயி, "எம்மா, நாளைக்கு இவளுக்கு..."ன்னு ஆரம்பிச்சாரு. அத்தை திரும்பி, "என்னலே?"ன்னாங்க. "ஒண்ணுமில்ல, டீசல் போடணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த வீட்டுல நான் மட்டும்தான் வாயில்லாப் பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அதனால இன்னைக்கு நானே ஒரு வேலை பண்ணினேன். போணி நேரத்துக்குப் பிள்ளைய நெஞ்சோட போட்டுக்கிட்டுத் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். கை நீளல. சத்தமும் இல்ல. எட்டிப் பார்த்தா, கடையே திறக்கல. அத்தை குளிச்சு, நல்ல சீலையா ஒண்ணைக் கட்டிக்கிட்டு, பையோட நிக்கிறாங்க. "கிளம்பு, பஸ்ஸு வந்துரும். எதையும் வாயில வச்சுராத"ன்னு அவங்களே சொல்றாங்க! எனக்கு அந்த இடத்துலயே அவங்க காலைத் தொடணும் போல இருந்துச்சு.

பஸ்ஸுல கூட்டம். பின்னால ஜன்னலோரம் எனக்கு ஒரு இடம் கிடைச்சுது. அத்தை பிள்ளையோட முன்னால. கயத்தாறு வந்ததும் பஸ் நின்னுச்சு. அத்தை பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு விறுவிறுன்னு இறங்குறாங்க. தண்ணி வாங்கப் போறாங்க போலன்னு இருந்தேன். திரும்பி வந்து, கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு என்கிட்ட வர்றாங்க. ஒரு கையில பிள்ளை, இன்னொரு கையில பனை ஓலையில மடிச்ச பட்டை. பட்டை நிறையப் பதநீ.

பட்டையைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கையில வாங்கிட்டா கீழ வைக்க முடியாது. ஓடுற பஸ்ஸுல ஒருகையால பிடிச்சாலும் சாஞ்சிரும். ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டேதான் இருக்கணும். ஒண்ணு குடிக்கணும், இல்ல பிடிச்சுக்கிட்டே கிடக்கணும். என் ரெண்டு கையிலயும் அதை வச்சுட்டாங்க.

"குடி. இறக்கி ஒரு நாழிகை கூட ஆகலயாம். வயித்துப் புண்ணைக் குளுகுளுன்னு ஆத்திரும். புண்ணு ஆறிட்டா குழாய் எதுக்குட்டி? அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிரலாம்."

"அத்தை, நர்சம்மா..."

"நர்சம்மாவா உனக்குச் சோறு போடுதா? குடிட்டி."

கண்டக்டர் விசில் ஊதிட்டாரு. "ஆச்சி, பிள்ளைய வச்சுக்கிட்டு நடுவுல நிக்காதீங்க, போயி உக்காருங்க"ன்னு சத்தம் போட்டாரு. போனாங்க. போயி உக்காந்துக்கிட்டு, திரும்பித் திரும்பி என்னைப் பார்க்குறாங்க. நான் பட்டையை உதட்டுக்கிட்ட கொண்டு போவேன், அவங்க முன்னால திரும்புவாங்க, நான் இறக்குவேன். மறுபடி பார்ப்பாங்க, மறுபடி தூக்குவேன். அந்த வாசம் இருக்கே, ராத்திரியில இருந்து காய்ஞ்சு கிடக்கிற வயித்துக்கு அது என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியும். வாயெல்லாம் ஊறுது. முழங்கையெல்லாம் வலி. பக்கத்துல இருந்தவரு, "குடிச்சுத் தொலைம்மா, என் வேட்டியில கொட்டிராத"ங்குறாரு. குடிச்சுருவோமான்னு நினைச்சேன்க்கா. குடிச்சுட்டா எல்லாருக்கும் நிம்மதி. அத்தைக்கு நிம்மதி, பக்கத்துல இருக்கவருக்கு நிம்மதி. எனக்குத்தான் அந்தப் புண்ணு.

டிரைவர் பிரேக்கைப் போட்டாரு. நான் ஒருகையை விட்டுட்டேன்.

பிரேக்குனால இல்ல. நானாத்தான் விட்டேன். அம்புட்டும் மடியில. நீங்க வந்து உக்காந்ததுல இருந்து என் சீலையைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க, நானும் கவனிச்சேன். இதான். கூச்சமா இருக்கு, ஈ வேற மொய்க்குது. 

அத்தை திரும்பி அங்கிருந்தே, "குடிச்சியாட்டி?"ன்னு கேட்டாங்க. பஸ்ஸு முழுக்க என்னைப் பார்க்குது. நான்... தலையை ஆட்டிட்டேன்க்கா. குடிச்சேன்னு ஆட்டிட்டேன். கடைசிக் கொஞ்சம் கொட்டிப்போச்சு அத்தைன்னேன். அவங்க முகத்தைப் பார்க்கணுமே. அன்னைக்குத் தூண்கிட்ட உக்காந்ததுக்கப்புறம் இப்பத்தான் சிரிக்கிறாங்க. பிள்ளை கன்னத்துல ஒரு முத்தம் குடுத்தாங்க. 

சரி, குடிச்சுட்டாள்ல, வா வீட்டுக்குன்னு பஸ் ஸ்டாண்டுலயே சொன்னாங்க. வந்தது வந்தோம், நாளாவது மாத்தி வாங்கிட்டுப் போவோம் அத்தைன்னு கூட்டிட்டு வந்துட்டேன். 

இப்ப நர்சம்மா கேப்பாங்க. நான் ஒண்ணும் குடிக்கலன்னு சொல்லணும், அத்தை குடிச்சான்னு சொல்லுவாங்க. யார் சொல்றதை நம்புவாங்க, சொல்லுங்க. என் பேச்சுக்கு இங்க என்ன மதிப்பு இருக்கு? அத்தை வராம இருக்கணும், அதுக்குள்ள என்னைக் கூப்பிட்டுரணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்க வீட்டுக்காரரு வெளிய வந்ததும் அடுத்து நான்தான்.

வந்துட்டாரா? அந்தா, பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க பாருங்க. ஒண்ணுமில்லக்கா, மருந்துல தொண்டை மரத்திருக்கும், கொஞ்ச நேரத்துல பேசுவாரு. இப்படி உக்கார வைங்க.

என்னையக் கூப்பிடுறாங்க. 

அய்யோ. அத்தையும் படியேறி வந்துட்டாங்க.

நான்தான் சிஸ்டர், முப்பிடாதி. இல்ல சிஸ்டர். ராத்திரி ரெண்டு இட்லி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல.

அத்தை...

அத்தை சொல்றது... பதநீ வாங்கிக் குடுத்தது நிசம்தான் சிஸ்டர். பட்டை நிறைய வாங்கிக் குடுத்தாங்க. நான் குடிக்கல. ஆமா, போன தடவை தண்ணின்னு சொன்னேன். அது பொய்தான். இது பொய் இல்ல. சிஸ்டர், சிஸ்டர், அடுத்த ஆளைக் கூப்பிட்டுராதீங்க! என் சீலையைப் பாருங்க. இடுப்புக்குக் கீழ அம்புட்டும் பதநீ. தொட்டுப் பாருங்க, ஒட்டும். வயித்துக்குள்ள போயிருந்தா இங்க எப்படி இருக்கும்? நான்தான் கொட்டினேன். வேணும்னேதான் கொட்டினேன்.

அத்தை, நீங்க என்னைப் பார்க்காதீங்க. நீங்க பார்த்தா எனக்குச் சொல்ல வராது. பஸ்ஸுல தலையை ஆட்டினேன்ல, அது பொய். நீங்க ஆசையா வாங்கிக் குடுத்ததை நான் கீழ கொட்டிட்டேன்.

இல்ல அத்தை. வீட்டுக்கு வரல. பார்த்துட்டுத்தான் வருவேன். நல்லதோ கெட்டதோ, அது என்னன்னு எனக்குத் தெரியணும். தெரியாம இனி ஒரு வாய் என்னால திங்க முடியாது. ஏசுங்க அத்தை, வீட்டுக்குப் போயி எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. கையை விடுங்க.

சிஸ்டர், அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல. பயத்துல சொல்றாங்க. அவங்க மகளை இங்கதான் கூட்டிட்டு வந்தாங்க. இதே கதவுக்குள்ளதான் அனுப்பினாங்க. எனக்கே இப்பத்தான்... 

இப்பத்தான் விளங்குது.

சத்தமாப் பேசிட்டேனா? எல்லாரும் பார்க்குறாங்க. வாரேன் சிஸ்டர். செருப்பை இங்கயே விட்டுறவா? வளையலையும் கழட்டணுமா? வாரேன், வந்துட்டேன்.

அக்கா, பிள்ளைய நீங்க கொஞ்சம் வாங்கிக்கிடுங்க. அத்தைக்குக் கை நடுங்குது.